‘இன்னும் 2 மட்டுமே’ என்றால் போனைக் கீழே வையுங்கள்

போன ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் ஒரு மர ஸ்டூல் வாங்கினேன். 1,899 ரூபாயை அடித்துவிட்டு 549 என்று போட்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘இன்னும் 2 மட்டுமே’. கீழே ஒரு கடிகாரம் நொடி நொடியாக இறங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் நின்றபடியே பணம் கட்டினேன். நாலு நாள் கழித்து வந்த பெட்டி செருப்பு டப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உள்ளே 15 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஸ்டூல். உட்கார முடியாது, பூந்தொட்டி வைக்கலாம். அளவை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஐந்தாவது படத்தில் போட்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அப்போதும் ‘இன்னும் 2 மட்டுமே’.

இந்த வித்தைக்கு அரசு ஆவணத்திலேயே பெயர் உண்டு. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ என்று 13 தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தது. பட்டியலில் முதலில் நிற்பதே பொய் அவசரம்தான். அடுத்தது, நாம் கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ பில்லில் சேர்த்துவிடுவது. மூன்றாவது இன்னும் நுணுக்கம்: டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாமென்றால் ‘நான் பாதுகாப்பில்லாமலே போகிறேன்’ என்கிற மாதிரி ஒரு பட்டனை அழுத்த வைத்து, நம்மைக் கூச வைப்பது. தடை வந்தாயிற்று, கடிகாரமும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் நான் இப்போது எதையும் கூடையில் போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுகிறேன். காலையில் பாதிக்கு மேல் தேவைப்படுவதில்லை.

அடித்த விலையைப் பார்த்து மயங்குவது அடுத்த தவறு. எம்.ஆர்.பி.யைப் போடுவது பெரும்பாலும் தயாரிப்பாளர்தான். மூன்று மடங்கு போட்டுவிட்டு 60 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் அவருக்கு என்ன நஷ்டம்? பக்கத்துக் கடையில் என்ன விலை என்பதுதான் கேள்வி. ரிவ்யூ படிப்பதிலும் ஒரு சின்ன விஷயம். 5 நட்சத்திரக்காரர் ‘சூப்பர்’ என்று முடித்துவிடுவார். 1 நட்சத்திரக்காரர் பெரும்பாலும் டெலிவரி தம்பியைத் திட்டியிருப்பார். பொருளைப் பற்றிப் பேசுகிறவர்கள் 2, 3 நட்சத்திரத்தில்தான் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நூறு, ஐநூறோடு போகிற தவறுகள். கணக்கையே காலி செய்கிற தவறு, கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடுவது. என் அத்தை 430 ரூபாய் ரீஃபண்ட் வரவில்லை என்று தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்தவன் அவ்வளவு மரியாதை. “அம்மா, பணம் உங்க அக்கவுண்ட்ல ஏறணும்னா பின் நம்பர் போடணும்மா” என்றான். போட்டார். 18,000 போயிற்று. யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பரே தேவையில்லை. பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். எண் வேண்டுமென்றால் அந்தந்தச் செயலிக்குள்ளேயே எடுக்க வேண்டும். ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடிக்க வேண்டும். பணம் கைமாறிக்கொண்டே போகும்; நடுவில் எங்காவது முடக்கினால்தான் உண்டு. அத்தை எங்களிடம் மறுநாள்தான் சொன்னார். பொருளில் குறை, கடைக்காரர் அசையவில்லை என்றால் அதற்கு எண் வேறு, நுகர்வோர் உதவி எண் 1915.

தேர்தல் நெருங்கினால் இதே சிவப்பு எழுத்து வேறு வேஷத்தில் வரும்: ‘அழிப்பதற்குள் பகிருங்கள்’. குழந்தை கடத்தல் வதந்தியால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகுதான், 2018-ல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து சாட்டுக்கு (ஆளோ, குரூப்போ) மேல் பார்வர்ட் செய்ய முடியாமல் செய்தது. மெசேஜின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது ஏற்கெனவே பல கை மாறி வந்தது. நான் அதைப் பார்த்ததும் நிறுத்துவேன். பலருக்கு அதுவே உற்சாகம். டிவி சேனல் லோகோ போட்ட நியூஸ் கார்டும் அப்படித்தான். அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் அதே கார்டு, அதே தேதியில் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகாது.

2019 மக்களவைத் தேர்தலின்போது ஊரெல்லாம் சுற்றிய ஒரு மெசேஜ் இன்னும் சாகவில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின்படி ‘சேலஞ்ச் ஓட்டு’ போடலாமாம். உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால் ‘டெண்டர் ஓட்டு’ கேட்கலாமாம். டெண்டர் ஓட்டு 14 சதவீதத்தைத் தாண்டினால் மறுவாக்குப்பதிவாம். இதில் நடுவில் இருப்பது மட்டும் உண்மை. 1961-ம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49பி அதைத்தான் சொல்கிறது, ஓட்டை மெஷினில் இல்லாமல் வாக்குச்சீட்டில் போட வேண்டும். (ஆங்கில எழுத்து வரிசையில் ஏ, பி, சி என்று வருகிற ‘பி’ இல்லை, ஓ-வுக்கு அடுத்த ‘பி’.) 49ஏ மெஷினின் வடிவமைப்பைப் பற்றியது. சேலஞ்ச் என்பது, வந்தவர் நிஜமான ஆள்தானா என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டிச் சந்தேகம் கிளப்புவது. 14 சதவீதக் கணக்கு எந்த விதியிலும் இல்லை. ஒரு உண்மையை நடுவில் வைத்து இரண்டு பொய்யைப் பக்கத்தில் நிறுத்தினால், நிஜ விதி எண்ணைத் தேடிப் பார்ப்பவர்கூட ஏமாந்துவிடுவார்.

எங்கள் குடும்ப குரூப்பில் இதைப் போட்டது பெரியப்பா. தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். போன் செய்தேன்.

“படிச்சவங்க அனுப்பினதுடா.”

“பட்டியல்ல பேர் இல்லேன்னா ஆதாரைக் காட்டினாலும் உள்ள விட மாட்டாங்க பெரியப்பா.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அப்ப என் பேர் இருக்கான்னு பாரேன்” என்றார்.

தேர்தல் ஆணைய இணையதளத்தில் பார்த்தோம். இருந்தது, ஆறு வருடம் முன்பு காலி செய்த வாடகை வீட்டு முகவரியில். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. அன்று சாயங்காலமே நிரப்பினோம். குரூப்பில் போட்ட மெசேஜை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை.