பட்டென்று நின்றதா, இழுத்து இழுத்து நின்றதா?

வேலூர் பைபாஸில் ஒருவர் நின்றுபோன பைக்கைத் தள்ளிக்கொண்டு போகிறார். உதவலாம் என்று தோன்றியதும் அவர் பக்கத்திலேயே சடாரென்று பிரேக் அடிக்காதீர்கள். இண்டிகேட்டர் போட்டு, அவரைத் தாண்டிப் பத்துப் பதினைந்து மீட்டர் போய், வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் மண்ணில் இறங்கி நிறுத்துங்கள். மண் இளகலாக இருந்தால் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல் ஒன்று வேண்டும். இல்லையென்றால் திரும்பி வருவதற்குள் உங்கள் வண்டியும் படுத்திருக்கும்.

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நடந்து போங்கள். இருட்டில் முகம் தெரியாத ஆள் நெருங்கினால் யாருக்கும் பயம்தான். பெண்கள் என்றால் நாலடி தள்ளி நின்றே, "இன்னா ஆச்சுக்கா, வீட்டுக்கு போன் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் கிளம்பிவிட வேண்டும், வற்புறுத்தக் கூடாது.

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். எச்சரிக்கைக்காக 50 மீட்டர் பின்னால் தழையை ஒடித்துப் போட்டால் டிரைவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி சொச்சம்தான். அதனால் 100 மீட்டர் தள்ளிப் போடுங்கள். கல் மட்டும் வைக்காதீர்கள். நீங்கள் போன பிறகு இருட்டில் வருகிற அடுத்த பைக்குக்கு அதுதான் எமன். காட்பாடி போகும் பாலாற்றுப் பாலத்தில் நின்றுவிட்டால் அங்கே எதையும் கழற்ற வேண்டாம். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாலம் முடியும்வரை தள்ளிவிடுங்கள்.

இனி அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "பட்டுனு நின்னுச்சா, இழுத்து இழுத்து நின்னுச்சா?" பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

இழுத்து இழுத்து நின்றிருந்தால் பெட்ரோல் சங்கதி. பழைய கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் திருகை ரிசர்வுக்குத் திருப்பிப் பாருங்கள். டேங்கில் பெட்ரோல் இருந்தும் அடைத்துக்கொண்டு நின்றால் மூடியைத் திறந்து மூடுங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. வண்டி உடனே பிடித்துக்கொள்ளும், கடைக்குப் போனதும் மூடியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். டேங்க் காய்ந்தே போயிருந்தால் அரை லிட்டர் போதும், 100 சிசி வண்டி இருபது கிலோமீட்டர் தாராளமாகப் போகும். கார்புரேட்டர் இல்லாத ஃபியூவல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் ஊற்றியதும் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரிதான் இறங்கும். சாவியைப் போட்டு, பம்ப் முனகி அடங்கும்வரை பொறுத்து, அணையுங்கள். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். இந்த வண்டிகளில் பெட்ரோல் குழாயை மட்டும் பிடுங்காதீர்கள். அழுத்தத்தில் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சும்.

பட்டென்று நின்றிருந்தால் கரண்ட். முதலில் ஹேண்டில்பாரில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சைப் பாருங்கள், அடுத்து சைடு ஸ்டாண்ட். (புது வண்டிகளில் ஸ்டாண்ட் முழுதாக மடங்காவிட்டாலே எஞ்சின் நின்றுவிடும். சேறு ஒட்டிய ஸ்டாண்ட் பல பேரை ஏமாற்றியிருக்கிறது.) பிறகு சாவியைப் போட்டு ஹாரன் அடியுங்கள். சத்தமே இல்லையென்றால் பேட்டரி டெர்மினல் லூசாகியிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம். ஃபியூஸ் பெட்டியிலேயே மாற்று ஒன்று பெரும்பாலும் இருக்கும். 10 ஆம்பியர் இருந்த இடத்தில் 10 ஆம்பியர்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகும் கைவைத்தியம் வயரிங்கையே எரித்துவிடும், மேலே இருப்பது பெட்ரோல் டேங்க். ஹாரன் நன்றாக அடித்தால், அதிலும் மழை நாளென்றால், ஸ்பார்க் பிளக்கின் மேல் மாட்டியிருக்கும் கேப்பைக் கழற்றி உள்ளேயும் வெளியேயும் துடைத்து, 'டக்' என்று உட்காரும்வரை அழுத்துங்கள்.

பஞ்சர் தனிக் கதை. சீமைக்கருவேல முள் இந்தப் பக்கத்துச் சாலையோரமெல்லாம் உண்டு. டியூப்லெஸ் டயரில் குத்தியதைக் கண்டதும் பிடுங்கத்தான் கை போகும். பஞ்சர் ஒட்டும் கிட் கையில் இல்லாவிட்டால் பிடுங்காதீர்கள், முள்ளே பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். மெதுவாகக் கடை வரை போய்விடலாம். கிட் இருந்தால், முள் எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிளேயரால் இழுங்கள். அதே சாய்வில் அரத்தை நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். சாய்வு மாறினால் உள்ளே இரண்டாவது ஓட்டை விழும். ரப்பர் திரியை ஊசியில் நடுவாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை குத்துங்கள். ஊசியைத் திருகாமல் நேராக இழுங்கள். காற்றடித்து, எச்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். குமிழ் வராவிட்டால் நீட்டியிருப்பதை வெட்டிவிடலாம். டயரின் பக்கச் சுவரில் ஓட்டை என்றால் திரி நிற்காது, வீண் முயற்சி.

டியூப் டயர் என்றால் ரோட்டில் வீலைக் கழற்றுவதைவிட அவரைப் பின்னால் உட்கார வைத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூட்டி வருவது சுலபம். காற்றில்லாமல் ஏறி ஓட்ட விடாதீர்கள். டியூப் நகர்ந்து வால்வு வேரோடு பிய்ந்துவிடும், பிறகு ஒட்டுப் போட முடியாது.

செயின் கழன்றிருந்தால் எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, வீலைக் கையால் சுற்றி ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது செயின் சுற்றும் பல்சக்கரத்தின் பக்கம் விரல் போனால் போனதுதான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வந்தவர் பிரேக் பிடிக்கவில்லை, தீய்ந்த வாடை வருகிறது என்றால் அரை மணி நேரம் நிழலில் உட்கார வையுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆறியதும் இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லுங்கள்.

விழுந்து அடிபட்டிருந்தால் வண்டியை மறந்துவிட்டு 108. மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது. பெயர் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 134ஏ பிரிவின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

வண்டி ஓடத் தொடங்கியதும் இரண்டு கிலோமீட்டர் அவர் பின்னாலேயே போங்கள். திரி வழியாகக் காற்று கசிந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு முன்னால் ரோட்டில் போட்ட தழையை எடுத்து ஓரத்துப் பள்ளத்தில் எறிந்துவிடுங்கள்.