304 அனுப்பியும் சர்வர் சுமை குறையவில்லையா?

பயனர் ஒரு பக்கத்தை மறுபடி திறக்கும்போது, பிரவுசர் தன்னிடம் உள்ள ஈடேக்கை (பக்கத்தின் பதிப்பைக் காட்டும் அடையாளக் குறி) இஃப்-நன்-மேட்ச் என்ற ஹெடரில் (கோரிக்கையோடு போகும் தகவல் வரி) வைத்து அனுப்பும். சர்வரிலும் அதே மதிப்பு என்றால் 'மாறவில்லை' என்று சொல்லும் 304 பதில் போதும், உள்ளடக்கம் போக வேண்டாம். பல ஃபிரேம்வொர்க்குகள் இதைத் தாமே செய்கின்றன. எப்படி என்று பாருங்கள்: முழுப் பதிலையும் தயாரித்து, அதற்கு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் குறுகிய குறி) போட்டு, ஈடேக்கோடு பொருந்தினால் தூக்கி எறிகின்றன. நெட்வொர்க் மிச்சம்தான், டேட்டாபேஸுக்கு அதே வேலை.

ஆகவே ஈடேக்கை நீங்களே உருவாக்குங்கள். டேட்டாபேஸ் பதிவின் ஐடியும் பதிப்பு எண்ணும் சேர்ந்தால் போதும். சின்ன வினவல் ஒன்றில் அதை எடுத்து முதலில் ஒப்பிட்டு, பொருந்தினால் அங்கேயே திரும்பிவிடலாம். டெம்ப்ளேட் (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் கோப்பு) மாறினாலும் ஈடேக் மாற வேண்டுமே, அதற்காக ஆப்பின் வெளியீட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள் (பலர் மறப்பது இதைத்தான்). கடைசியாக மாறிய நேரத்தைச் சொல்லும் லாஸ்ட்-மாடிஃபைடை மட்டும் நம்பினால் சிக்கல்: அது நொடிக்குக் கீழே பிரித்துச் சொல்லாது, ஒரே நொடியில் இரண்டு மாற்றம் வந்தால் பழையதே தெரியலாம்.

கூடவே, சேமிப்பு விதிகளைச் சொல்லும் கேஷ்-கண்ட்ரோல் ஹெடரில் நோ-கேஷ் கொடுங்கள். பிரவுசர் சேமித்து வைக்கும், ஆனால் சர்வரைக் கேட்டுவிட்டே காட்டும். லாகின் செய்தவரின் பக்கம் என்றால் பிரைவேட்டும் (பலருக்குப் பொதுவான கேஷில் சேமிக்காதே என்பது) வேண்டும். பெயரிலேயே ஹேஷ் உள்ள சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளுக்கு இந்தப் பாடெல்லாம் எதற்கு? மேக்ஸ்-ஏஜ் 31536000 (நொடிக் கணக்கில் ஓராண்டு), இம்யூட்டபிள் (மாறாதது) என்று கொடுத்தால் போதும்.