டேப் லைப்ரரியை லினக்ஸ் சர்வரோடு இணைப்பது எப்படி: ரோபோ வேறு, டிரைவ் வேறு

டேப் லைப்ரரி, அதாவது பேக்கப் டேப்புகளை அடுக்கி வைத்துத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி, பார்வைக்கு ஒரே பெட்டி. ஆனால் சர்வருக்கு அது ஒரே சாதனம் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு டிரைவும் ஒரு சாதனம், கார்ட்ரிட்ஜை (டேப் உள்ள பெட்டியை) எடுத்து வைக்கும் ரோபோ இன்னொரு சாதனம். இணைப்பில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவைதான். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கையால் சோதித்துவிட்டு, கடைசியில்தான் பேக்கப் மென்பொருளைத் தொடுவோம்.

இங்கே எடுத்துக்கொள்வது இரண்டு எல்டிஓ-8 (எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறை) டிரைவ் உள்ள, சாஸ் (டிஸ்க், டேப் போன்றவற்றைச் சர்வரோடு இணைக்கும் முறை) கேபிளில் இணையும் லைப்ரரி. சர்வரில் லினக்ஸ். ஃபைபர் சேனல் என்ற வேறு இணைப்பு முறை என்றால் நடுவில் ஸ்விட்சும் ஸோனிங்கும் (எது எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் வகுப்பது) கூடும். மற்றதெல்லாம் இதே கதைதான்.

கார்டும் கேபிளும்

ரெய்டு கார்டில் டேப்பை மாட்டாதீர்கள். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டு டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டது. பல கார்டுகள் டேப் டிரைவையோ ரோபோவையோ சர்வருக்குக் காட்டவே காட்டாது. வெளிப்புற போர்ட் உள்ள சாதாரண சாஸ் ஹெச்பிஏ (சாதனங்களை அப்படியே சர்வருக்குக் காட்டும் கார்டு) ஒன்று வாங்குங்கள். டிஸ்க் பெட்டிகள் தொங்கும் கார்டிலேயே டேப்பையும் தொங்கவிடுவதும் எனக்குப் பிடிக்காது. டேப்புக்கென்று தனிக் கார்டு இருந்தால் ஒரு பக்கம் ரீசெட் ஆகும்போது மறுபக்கம் பாதிக்காது.

கேபிள் வாங்கும்போது இரண்டு முனைகளையும் பாருங்கள். பழைய போர்ட் எஸ்எஃப்எஃப் 8088, புதியது எஸ்எஃப்எஃப் 8644. கார்டில் ஒன்றும் டிரைவில் மற்றொன்றும் இருக்கலாம். இரண்டு முனையும் வேறு வேறாக உள்ள கேபிள்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு டிரைவுக்கும் தனிக் கேபிள் வேண்டும்.

ரோபோவுக்குக் கேபிள் எங்கே என்று பின்பக்கம் தேடாதீர்கள், பெரும்பாலான லைப்ரரிகளில் அது இருக்காது. ரோபோவுக்கான கட்டளைகளும் ஏதாவது ஒரு டிரைவின் கேபிள் வழியாகவே போகின்றன. லன் என்பது ஒரே இணைப்பில் வரும் சாதனங்களைப் பிரித்துக்காட்டும் எண். டிரைவ் லன் 0 ஆகவும் ரோபோ லன் 1 ஆகவும் தெரியும். எந்த டிரைவ் வழியாக ரோபோ பேச வேண்டும் என்பதை லைப்ரரியின் வலைப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கலாம். அந்த டிரைவின் கேபிளைக் கழற்றினால் ரோபோவும் சேர்ந்தே காணாமல் போகும்.

பவர் போடும் வரிசை

புதுப் பெட்டி என்றால் ரோபோவை அசையாமல் பிடித்திருக்கும் போக்குவரத்துப் பூட்டை முதலில் எடுத்துவிடுங்கள். அப்புறம் லைப்ரரிக்குப் பவர் கொடுத்து, அது எல்லா ஸ்லாட்டின் (கார்ட்ரிட்ஜ் வைக்கும் அறையின்) பார்கோடையும் படித்துத் தயார் என்று சொல்லும்வரை பொறுங்கள். சர்வர் அதற்குப் பிறகு. சர்வர் கிளம்பும்போதுதான் சாதனங்களைத் தேடுகிறது. லைப்ரரி அப்போது விழித்திருக்க வேண்டும்.

சர்வருக்குத் தெரிகிறதா?

இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஸ்கஸி கட்டளையை "-ஜி" சேர்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடைப்புக்குள் நான்கு எண்கள் வரும், [1:0:0:0] என்பதுபோல. கடைசி எண்தான் லன். அதற்கு அடுத்து "டேப்" என்று இருந்தால் டிரைவ். [1:0:0:1] வரியில் "மீடியம்எக்ஸ்" என்று இருந்தால் அதுதான் ரோபோ. வரியின் கடைசியில் வரும் எஸ்ஜி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், ரோபோவோடு பேச அதுதான் வழி.

டிரைவ் தெரிகிறது, ரோபோ தெரியவில்லை என்றால் லைப்ரரியின் வலைப் பக்கத்துக்குப் போய், ரோபோவுக்கான பாதை அந்த டிரைவில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை மாற்றினால் மறுபடி ஸ்கேன் செய்யாமல் புதிய லன் தெரியாது. ஸ்கேன் செய்தும் வரவில்லையா? தொடங்குபவர்கள் ஒருமுறை ரீபூட் செய்துவிடுவதே எளிது.

கையால் ஒரு கார்ட்ரிட்ஜை நகர்த்துங்கள்

ரோபோவுக்குக் கட்டளை கொடுக்கும் எம்டிஎக்ஸ் என்ற சிறு கருவி போதும். ரோபோவின் எஸ்ஜி சாதனத்தைக் கொடுத்து "ஸ்டேட்டஸ்" கேட்டால் டிரைவ்களும் ஸ்லாட்டுகளும் பட்டியலாக வரும். நிரம்பிய ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் பார்கோடும் இருக்கும். எல்டிஓ பார்கோடில் மொத்தம் 8 எழுத்து, கடைசி இரண்டும் கார்ட்ரிட்ஜின் வகை. எல்டிஓ-8 என்றால் "எல்8".

"லோடு 1 0" என்றால் முதல் ஸ்லாட்டில் இருப்பதை 0 எண் டிரைவில் போடு என்று பொருள். ஸ்லாட் எண் 1-லிருந்து தொடங்கும், டிரைவ் எண் 0-லிருந்து.

இனி வருவதுதான் என்னை அதிகம் சோதித்த இடம். எம்டிஎக்ஸ் சொல்லும் 0 எண் டிரைவும், லினக்ஸ் என்எஸ்டி0 என்று பெயரிடும் டிரைவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் எண் லைப்ரரிக்குள் டிரைவ் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இரண்டாவது, லினக்ஸின் மையமான கெர்னல் எந்த டிரைவை முதலில் கண்டது என்பதைப் பொறுத்தது. ரீபூட்டுக்குப் பிறகு அது மாறவும் செய்யும். மாறினால் ரோபோ ஒரு டிரைவில் கார்ட்ரிட்ஜைச் சரியாகப் போட்டிருக்கும், மென்பொருள் இன்னொரு டிரைவைத் திறந்து பார்த்துவிட்டு டேப் இல்லை என்று காத்துக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியைப் படித்தால் ரோபோ கெட்டுவிட்டது என்றே தோன்றும். ஒன்றும் கெட்டிருக்காது.

சோதிப்பது எளிது. 0 எண் டிரைவில் ஒரு கார்ட்ரிட்ஜைப் போடுங்கள். டிரைவோடு பேசும் எம்டி கருவியால் என்எஸ்டி0, என்எஸ்டி1 இரண்டிடமும் "ஸ்டேட்டஸ்" கேளுங்கள். எது "ஆன்லைன்" என்கிறதோ அதுவே லைப்ரரியின் 0 எண் டிரைவ். பிறகு லினக்ஸின் சாதனப் பெயர்களில் டேப் அடைவுக்குள் இருக்கும் பை-ஐடி அடைவைத் திறங்கள். அங்கே டிரைவின் அடையாள எண்ணை வைத்தே பெயர் இருக்கும், ரீபூட்டில் அது மாறாது. எங்கு அமைத்தாலும் அந்தப் பெயரையே கொடுங்கள். எந்தப் பெயர் எந்த இடத்து டிரைவ் என்று எழுதி லைப்ரரியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

எழுதிப் பார்ப்பது

எஸ்டி0 என்பதும் என்எஸ்டி0 என்பதும் ஒரே டிரைவுக்கான இரண்டு பெயர்கள். எஸ்டி0 வழியாக எழுதினால், மூடும்போது டேப் தானாக முதலுக்குத் திரும்பிவிடும். அடுத்து எழுதுவது முந்தியதன் மேலேயே விழும். முதல் பேக்கப் போய்விடும். என்எஸ்டி0 மட்டுமே பயன்படுத்துங்கள்.

கோப்புகளை ஒன்றாகக் கட்டி எழுதும் டார் கருவியில் பிளாக் எண்ணிக்கையை 512 என்று கொடுத்தால் ஒவ்வொரு பிளாக்கும் 256 கேபி. அதற்கு முன் எம்டியால் பிளாக் அளவை 0 ஆக்குங்கள், அதாவது மாறும் அளவு. எழுதியதைத் திரும்பப் படித்து, மூலக் கோப்போடு செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒப்பிடுங்கள். எழுதும்போது பிழை வரவில்லை என்பது மட்டும் போதாது.

வேகமும் முக்கியம். முழு உயர எல்டிஓ-8 டிரைவ், சுருக்காத தரவை வினாடிக்கு 360 எம்பி வரை எழுதும். தரவு வருவது குறைந்தால் டிரைவ் ஓரளவு வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கும். அதற்கும் கீழே போனால் நின்று, பின்னுக்குச் சுற்றி, மறுபடி தொடங்கும். இது தொடர்ந்தால் டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். சின்னச் சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் இது நடந்தே தீரும். நடுவில் தரவைத் தேக்கி வைக்கும் எம்பஃபர் என்ற கருவியை வைத்து, சில ஜிபி நினைவகம் நிரம்பிய பிறகு எழுத ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, முதலில் எஸ்எஸ்டியில் சேர்த்துவிட்டு அங்கிருந்து டேப்புக்கு ஒரே ஓட்டமாக எழுதுவது.

மென்பொருள்

என் தேர்வு பேரியோஸ் என்ற பேக்கப் மென்பொருள். கட்டமைப்புக் கோப்பு நீளமானதுதான், ஆனால் எல்லாம் எழுத்தில் இருப்பதால் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆட்டோசேஞ்சர் பகுதியில் ரோபோவின் பை-ஐடி பெயரையும், ஒவ்வொரு டிரைவ் பகுதியிலும் அதன் பை-ஐடி பெயரோடு டிரைவ் இன்டெக்ஸையும் (எம்டிஎக்ஸ் சொல்லும் டிரைவ் எண்) கொடுங்கள். மேலே கண்டுபிடித்த பொருத்தம் இங்கேதான் உதவும். பேரியோஸ் ஓடும் பயனர், டேப் குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள். ரூட்டாக ஓடிய எம்டிஎக்ஸ் இங்கே மறுக்கப்படுவது பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை.

பிற்சேர்க்கை

எல்டிஓ-9 வைத்திருப்பவர்கள் கேட்டது: புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டால் டிரைவ் தொங்கிவிடுகிறதே? தொங்கவில்லை. எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜ் முதல்முறை ஏறும்போது டிரைவ் அதை அளந்து சீரமைக்கும். சராசரியாக 40 நிமிடம், சில சமயம் 2 மணி நேரம்கூட ஆகும். நடுவில் பவரை நிறுத்தாதீர்கள். பேக்கப் மென்பொருள் அவ்வளவு நேரம் காத்திருக்காது என்பதால், புதியவற்றை முன்கூட்டியே எம்டிஎக்ஸ் மூலம் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிவிடுங்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ் பற்றியும் கேட்டிருந்தார்கள். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜைப் படிக்கும், எழுதும். எல்டிஓ-6ஐப் படிக்கவே படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8 வரை மட்டும். பழையதில் வேண்டியது ஏதாவது இருந்தால், பழைய டிரைவை அனுப்பிவிடும் முன்பே நகலெடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜின் பார்கோடு "சிஎல்என்" என்று தொடங்கும். அதை ஒரு ஸ்லாட்டில் நிரந்தரமாக வைத்து, டிரைவ் கேட்கும்போது மட்டும் போடச் சொல்லி லைப்ரரியின் வலைப் பக்கத்தில் அமைத்துவிடுங்கள். நாள் குறித்து வாராவாரம் போட வேண்டியதில்லை.