டெஸ்ட் சர்வருக்கு எதற்கு லைசென்ஸ் காசு?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்கிறேன். கிளவுட் பில்லைப் பிரித்துப் பார்த்தபோது, மெஷின் வாடகையைவிட எஸ்க்யூஎல் சர்வர் (மைக்ரோசாஃப்ட்டின் டேட்டாபேஸ் மென்பொருள்) லைசென்ஸ்தான் அதிகம் தின்றது. அதுவும் டெஸ்ட் மெஷின்களில்! அங்கே அதன் டெவலப்பர் எடிஷனே போதும். 2016 முதல் அது இலவசம். என்டர்பிரைஸ் வசதிகள் எல்லாம் உண்டு, புரொடக்‌ஷனுக்கு (நிறுவனத்தின் நிஜ வேலைக்கு) மட்டும் கூடாது. புது மெஷின் எழுப்பி, பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, பழையதை நீக்கினேன்.

புரொடக்‌ஷனில் கிளவுட் வாடகையில் சேராத, நாங்களே வாங்கிய சொந்த லைசென்ஸ். கோர் (ப்ராசஸரின் அலகு) கணக்கில் ஒரு மெஷினுக்குக் குறைந்தது 4 வேண்டும் என்பதால், மெஷினை 2 விசிபியுவாக, அதாவது 2 மெய்நிகர் கோராக, சுருக்கினாலும் லைசென்ஸ் செலவு இறங்காது. இரண்டு சின்ன டேட்டாபேஸ்களை ஒரே 4 விசிபியு மெஷினில் சேர்த்ததுதான் உண்மையான மிச்சம். ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) லைசென்ஸ் மேனேஜரில் லைசென்ஸ் எண்ணிக்கைக்குக் கட்டாய வரம்பும் போட்டேன். தாண்டினால் புது மெஷின் எழும்பவே எழும்பாது. லைசென்ஸ் மேனேஜருக்குத் தனிக் கட்டணமும் இல்லை.