பலகையில் உள்ள பெயரும் பட்டறையில் நடக்கும் வேலையும்: தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, பர்கூர் வட்டாரங்களில் கல் தொழில் நடத்துவோர், பணியில் தொழிலாளி அடிபட்டாலோ இறந்தாலோ முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை ஏற்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, தொழிலின் தன்மை என்ற கட்டத்தில் "கிரானைட் வியாபாரம்" என்று மட்டும் எழுதிவிடுவதுண்டு. இது ஜிஎஸ்டி பதிவிலும் பெயர்ப்பலகையிலும் உள்ள சொல்லாக இருக்கலாம். ஆனால் பிரீமியத்தைத் தீர்மானிப்பது ஆட்கள் அன்றாடம் செய்யும் வேலையே. குவாரியில் வெடிவைத்துப் பாறையைப் பிளப்பதும், பட்டறையில் கல்லை அறுத்து மெருகேற்றுவதும், கிடங்கில் பலகைக் கற்களை விற்பதும் ஆபத்தின் அளவில் வெவ்வேறானவை. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் உண்டு.

பிரீமியம், ஆண்டு ஊதியத்தில் ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. 2007-க்கு முன்பு நாடெங்கும் ஒரே விகிதப் பட்டியல் இருந்தது. இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் விகிதத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே இரண்டு நிறுவனங்களின் தொகையை ஒப்பிடுமுன், இரண்டும் ஒரே தொழில்வகையை எழுதியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். குறைந்த தொகை சொல்பவர், வகையைக் குறைத்து எழுதியும் அதைச் சொல்லியிருக்கலாம்.

மெருகேற்றும் பட்டறைக்கென எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு, அதே உரிமையாளரின் குவாரிக்கு ஆளை அனுப்பி அங்கே விபத்து நேர்ந்தால், பாலிசியில் சொல்லப்படாத தொழிலில் நேர்ந்தது என்று நிறுவனம் கோரிக்கையை மறுக்க இடமுண்டு. அப்போதும் உரிமையாளரின் பொறுப்பு தீர்வதில்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு அவருடையதே. முப்பது வயதுத் தொழிலாளி ஒருவர் மாதம் 18,000 ரூபாய் வாங்கி வந்தார், பணியில் இறந்துவிட்டார் என்று கொள்வோம். கணக்குக்கு எடுக்கும் ஊதியத்துக்கு 2020 ஜனவரியில் வகுக்கப்பட்ட உச்சவரம்பு 15,000 ரூபாய். இறப்புக்கு அதில் பாதியான 7,500-ஐ, சட்டத்தின் அட்டவணையில் அவருடைய வயதுக்குத் தரப்பட்டுள்ள காரணியான 207.98-ஆல் பெருக்கினால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி சேரும்; தக்க காரணமின்றித் தாமதித்தால் தொகையில் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கப்படலாம். தண்டத்தொகையைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்பதில்லை. வகைப்பாட்டில் மிச்சம் பிடித்த சில ஆயிரங்களை இந்தத் தொகையோடு வைத்துப் பார்க்கும் எவருக்கும் அந்தச் சிக்கனம் சரியென்று தோன்றாது.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. தருமபுரி மாவட்டத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கெழுதுபவரையும் இயந்திரத்தில் நிற்பவரையும் ஒரே வகையில் சேர்த்துவிட்டால், மேசை வேலைக்கும் இயந்திர வேலையின் விகிதத்தில் பணம் கட்ட நேரும். அலுவலகப் பணியாளருக்குத் தனி வகை கேட்பது முறையானதே. ஆனால் காலையில் கணக்கெழுதி மாலையில் மூட்டை இறக்க நிற்பவரை அலுவலகப் பணியாளர் என்று காட்டக்கூடாது. அவர் செய்யும் வேலைகளுள் ஆபத்து மிகுந்ததையே எழுத வேண்டும்.

ஊதியத்தைக் குறைத்துக் காட்டுவது மற்றொரு பெரிய தவறு. இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இருப்பதால் பிரீமியத்துக்கும் அதே வரம்புதான் என்று எண்ணி, 18,000 வாங்குபவருக்கு 15,000 என்று தாமாகவே எழுதிவிடுகிறார்கள். படிவம் மொத்த ஊதியத்தைக் கேட்டால் மொத்தத்தையே தர வேண்டும். மிகைநேரக் கூலியும் அதில் சேரும். சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகையும் படிவத்தில் வேறு தொகையும் இருந்தால், கோரிக்கையைச் சரிபார்க்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மேஸ்திரி அழைத்துவரும் ஆட்களை "நம் ஆட்கள் அல்லர்" என்று விட்டுவிடுவது இவ்வட்டாரத்தில் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். உரிமையாளரின் இடத்தில், அவருடைய தொழிலின் பகுதியான வேலையைச் செய்யும்போது அடிபட்டால், முதன்மை முதலாளி என்ற முறையில் அவரே இழப்பீடு தர வேண்டும். பிறகுதான் ஒப்பந்ததாரரிடம் ஈடு கேட்கலாம். ஒப்பந்தத் தொழிலாளரின் எண்ணிக்கை, ஊதியம், வேலை ஆகியவற்றைத் தனியே குறிப்பிட்டு, அதற்கான கூடுதல் பிரிவைப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். மருத்துவச் செலவுக்கான பிரிவையும் அவ்வாறே கேட்டுப் பெற வேண்டும்.

இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவர்களை மீண்டும் இதில் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குவதால் அத்திட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் விடுபடக்கூடாது.

மாங்கூழ் ஆலைகளில் பருவகாலத்தில் மட்டும் ஆட்கள் பன்மடங்காகப் பெருகுகிறார்கள். ஆண்டின் தொடக்கத்தில் இருந்த எண்ணிக்கையை வைத்துப் பாலிசி எடுத்தவர்கள், ஆட்களைச் சேர்க்கும்போதே எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புதல் பெற வேண்டும். பாலிசி முடிந்தபின் உண்மையில் வழங்கிய ஊதியக் கணக்கை அளித்தால் பிரீமியம் சரிசெய்யப்படும்: கூடுதலாக வழங்கியிருந்தால் மீதியைக் கட்ட வேண்டும், குறைவாக இருந்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திரும்பப் பெறலாம். அந்தக் கணக்கில் கொதிகலன் அருகில் நின்றவர்களின் கூலியையும் பழம் தரம் பிரித்தவர்களின் கூலியையும் தனித்தனியே காட்ட, பருவம் தொடங்கும் நாளிலிருந்தே வருகைப் பதிவேட்டில் ஒவ்வொருவரின் பெயருக்கு எதிரே அவர் செய்யும் வேலையையும் குறித்து வர வேண்டும்.