அப்பா பெயரோடு பெர்லினுக்கு: மதுரையிலிருந்து முதுகலை படிக்கப் போவது எப்படி?

அனுப்பானடியிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். "அக்கா, ஜெர்மனிக்கு அப்ளை பண்ணப் போறேன். முதல்ல என்ன செய்யணும்?"

"பாஸ்போர்ட்டை எடு. உன் பேரு அதுல எப்படி இருக்குன்னு வாசி" என்றேன்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, ஸ்காலர்ஷிப் என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்த்தான் போல. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவனுக்குச் சொன்னதையெல்லாம்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான் போனது பெர்லின். நீங்கள் மியூனிக் போனாலும் ஹாம்பர்க் போனாலும் பெரும்பாலும் இதே பாதைதான்.

படி 1: இனிஷியலை அவிழ்த்துவிடுங்கள்

மாரிமுத்து மகள் செல்வி என்று ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி எம்', கல்லூரியில் 'எம். செல்வி', ஆதாரில் வெறும் 'செல்வி', பாஸ்போர்ட்டில் 'செல்வி மாரிமுத்து'. நமக்கு இது ஒரே ஆள். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு நாலு ஆள்.

பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: சர்நேம், கிவன் நேம். நம்மில் பலருக்கு சர்நேம் கட்டம் காலி. வெளிநாட்டுப் படிவங்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவே விடாது. ஜெர்மனியோடு இந்தத் தொல்லை முடிவதும் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது ஞாபகம் இருக்கலாம்.

ஆகவே அப்பா பெயரை விரித்து சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. மதுரையில் ரேஸ் கோர்ஸ் பக்கம் பாரதி உலா சாலையிலேயே பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது. எந்த விண்ணப்பமும் தொடங்கும் முன் இதை முடியுங்கள். பாதியில் மாற்றினால் பாஸ்போர்ட் எண்ணும் மாறி, அதுவரை கொடுத்த தாளெல்லாம் குழம்பும். அதற்குப் பிறகு பல்கலைக்கழகம், வங்கி, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு எழுத்து அப்படியே. பழைய சான்றிதழ்களில் இனிஷியல்தான் இருக்கும். அதற்காக, இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டேன்.

ஒரு பக்கவிளைவு உண்டு. அங்கே எல்லாரும் உங்களை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அலுவலகத்தில் 'ஃப்ராவ்' (நம் 'மேடம்' மாதிரி) என்று தொடங்கி அப்பா பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டபோது, நான் அனிச்சையாகப் பின்னால் திரும்பி அப்பாவைத் தேடினேன்.

படி 2: சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் விண்ணப்பம்

குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். ஜூலை 15 பொதுவான கடைசித் தேதி என்று எங்கேயாவது படித்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆங்கிலவழி முதுகலைப் படிப்புகள் பல, ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவிலேயே கதவைச் சாத்திவிடும். அழகர் ஆற்றில் இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு. முந்தைய தீபாவளிக்கே வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில் உங்கள் மதிப்பெண்ணை அவர்கள் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். ஜெர்மனியில் 1 தான் உச்சம், 4 என்றால் கடைசித் தேர்ச்சி. கணக்கு இப்படி: முழு மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள், அதை, முழு மதிப்புக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், 3 ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். பத்துக்கு 8.2 வாங்கியிருக்கிறீர்கள், தேர்ச்சி 5 என்று வையுங்கள். 1.8 ஐ 5 ஆல் வகுத்தால் 0.36, மூன்றால் பெருக்கினால் 1.08, ஒன்று கூட்டினால் 2.08. பல படிப்புகள் 2.5 க்குள் கேட்கும் என்பதால் இது நல்ல எண்தான்.

அடுத்தது ஏபிஎஸ் சான்றிதழ். இந்தியாவில் படித்தவர்களின் சான்றிதழ்கள் அசல்தானா என்று சரிபார்க்கும் அமைப்பு இது. 2022 நவம்பரிலிருந்து மாணவர் விசாவுக்குக் கட்டாயம். கட்டணம் 18,000 ரூபாய். வாரக்கணக்கில் ஆகும், அதனால் இதற்குத்தான் முதலில் அனுப்ப வேண்டும். இங்கே நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு சிக்கல்: அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர் மாதிரித் தன்னாட்சிக் கல்லூரிகளில் மதிப்பெண் பட்டியல் கொடுப்பது கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பட்டம் வருவது பல்கலைக்கழகத்திலிருந்து. ஒன்றுக்குக் கல்லூரிப் பக்கம் அலைந்தால், இன்னொன்றுக்கு நாகமலை தாண்டிப் பல்கலை நகர் போக வேண்டும். கடைசி செமஸ்டரிலேயே இரண்டு இடத்திலும் யாரைப் பார்ப்பது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பல பல்கலைக்கழகங்கள் ஊனி-அசிஸ்ட் என்ற பொதுவான அமைப்பு வழியாக விண்ணப்பம் வாங்குகின்றன. ஒரு பருவத்தில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. இருபது இடத்துக்குப் போடுவதைவிட, பாடத்திட்டத்தை வாசித்து ஆறேழு இடத்துக்குப் போடுங்கள்.

படி 3: பணமும் தாத்தா பெயரில் இருக்கும் வீடும்

பெர்லினில் அரசுப் பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான முதுகலைப் படிப்புகளுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒரு சிறு தொகை கட்டினால் போதும், ரயில், பஸ் பாஸும் அதிலேயே வரும். இதைக் கேட்டு "இலவசப் படிப்பாமே" என்று தெருவே பேசும். பேசட்டும். விசா வாங்க, ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பிளாக்டு அக்கவுண்ட். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. மொத்தமாகப் போட்டுவிட்டால் அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் கைக்கு வரும். நம் பணத்தில் 12 லட்சத்தைத் தாண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுத்துறை வங்கிகளின் வழக்கமான கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேலே போனால் வீட்டுப் பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்று வரிசையாகக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் வண்டி நின்றது இங்கேதான். வீடு இன்னும் தாத்தா பெயரில். பெரியப்பா, அத்தை எல்லாரும் கையெழுத்துப் போட்டுப் பாகப்பிரிவினை பதிவாகும் வரை வங்கி மேலாளர் கோப்பைத் தொடவில்லை. அவர் மேல் தப்பில்லை. நாங்கள்தான் முப்பது வருடமாகத் தள்ளிப்போட்டிருந்தோம். உங்கள் வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கேட்டு வையுங்கள்.

சொந்தப் பணத்தை அனுப்பினால் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். வங்கிக் கல்விக் கடனாக இருந்தால் 2025 ஏப்ரலிலிருந்து அந்தப் பிடித்தம் இல்லை.

படி 4: விசா

சொல்ல அதிகமில்லை. சேர்க்கைக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, காப்பீடு எல்லாம் கையில் இருந்தால் பாதி முடிந்தது. கட்டணம் 75 யூரோ. நேரில் போவது சென்னை. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை எழும்பூர். குளித்துச் சாப்பிட்டுப் போகத் தாராளமாக நேரம் இருக்கும். அதிகாலை பஸ் பிடித்து, தாம்பரத்தில் மாட்டி, வியர்த்து வழிந்துகொண்டு போய் நிற்காதீர்கள்.

படி 5: அறை

படிப்பு கிடைப்பதைவிட பெர்லினில் அறை கிடைப்பது கஷ்டம். நான் மிகைப்படுத்தவில்லை. மாணவர் விடுதிக்குக் காத்திருப்போர் வரிசை நீளம், அதனால் சேர்க்கை உறுதியான அன்றைக்கே பெயர் கொடுங்கள். அது கிடைக்கும் வரை 'வேகே', அதாவது நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வீட்டில் ஆளுக்கோர் அறை. 500, 600 யூரோ கேட்பது சாதாரணம். 992 இல் அதைக் கழித்து, காப்பீட்டுக்கு 140 க்கு மேல் கழித்தால் மிச்சம் என்னவென்று நீங்களே பாருங்கள். அதற்குத்தான் பகுதிநேர வேலை. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம்.

விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருக்கும். 'கால்ட்' என்றால் வெறும் இடத்துக்கு. 'வார்ம்' என்றால் வீட்டைச் சூடாக்கும் செலவு, தண்ணீர் எல்லாம் சேர்த்து. வார்ம் தொகையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத கால்ட் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய நமக்கு இது தேனாக இருக்கும்.

"நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போடுங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று எழுதும் வீட்டுக்காரர், வீட்டுக்காரரே இல்லை. படங்கள் எவ்வளவு அழகோ அவ்வளவு பொய். வீடியோவில் அறையைக் காட்டாதவருக்கு ஒரு யூரோ போடாதீர்கள்.

இன்னொரு கேள்வி கட்டாயம்: "முகவரிப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" குடியேறி 14 நாளுக்குள் மாநகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், இதற்கு 'ஆன்மெல்டுங்' என்று பெயர். அதற்கு வீட்டுக்காரர் தரும் தாளின் பெயர் 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. வைகை எக்ஸ்பிரஸ் நீளம் இருக்கிறது, ஆனால் அது இல்லாமல் ஒன்றும் நகராது. நான் முதலில் பிடித்த அறைக்காரர் அதைத் தர மறுத்துவிட்டார். ஒரே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி அறை தேடினேன்.

படி 6: பெட்டி

டவுன் ஹால் ரோட்டில் ஸ்வெட்டர் வாங்காதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்கு அது பனியன். கோட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பழைய துணிக்கடைகளிலும் நல்லதாகக் கிடைக்கும்.

எடுத்துப் போக வேண்டியது தட்டையான அடிப்பாகம் கொண்ட 3 லிட்டர் குக்கர். கூடவே இரண்டு கேஸ்கட், ஒரு உபரி வெயிட். குக்கர் கெடாது, கேஸ்கட்தான் நட்டாற்றில் விடும். மின்சாரம் நம்மைப் போலவே 230 வோல்ட். நம் மூன்று முள் பிளக் மட்டும் அங்கே நுழையாது, அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுச் சாமானில்தான் வீட்டில் சண்டை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுபோகத் தடை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய் பாட்டில் இரண்டும் போச்சு. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. "ஏத்தா, நெய்யில என்ன குத்தம்?" என்று அம்மா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. கறிவேப்பிலையைக் காயவைத்து இடித்துப் பொடியாகக் கொடுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு. சட்டப்படி கருவாடு போகலாம். உங்கள் கோட்டும் புத்தகமும் அதே பெட்டியில்தான் இருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

படி 7: முதல் இரண்டு வாரம்

ரயில், பஸ் கட்டணத்துக்காக பெர்லினை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். விமான நிலையம் 'சி' மண்டலத்தில் இருக்கிறது. நகரத்துக்கு 'ஏபிசி' டிக்கெட் எடுக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று 'ஏபி' எடுத்து மாட்டினால் 60 யூரோ அபராதம். காகித டிக்கெட் என்றால் ஏறுவதற்கு முன் மெஷினில் முத்திரை குத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடக்கும். சனிக்கிழமையே அரிசி, பால் வாங்கிவிடுங்கள். ஞாயிறு முழுக்கவும், தினமும் இரவு 10 மணிக்கு மேலும் சத்தம் போடக் கூடாது. மிக்ஸியில் சட்னி அரைப்பதும் சத்தம்தான். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த மாதங்களில் மனசு சுருங்கினால் நொய்கோல்ன் பகுதியில் ஈழத்தமிழர்கள் கட்டிய முருகன் கோயில் இருக்கிறது, போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக, தபால் பெட்டி. நம் ஊரில் கதவு எண் இருந்தால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே அடுக்குமாடியில் வீட்டு எண்ணே இருக்காது. கீழே வரிசையாகப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கியிலிருந்து வந்த ரகசிய எண் இரண்டு தடவை இப்படித் திரும்பிப் போனது எனக்கு. கார்டு கையில் இருக்கிறது, பணம் எடுக்க முடியவில்லை. கூட இருந்த பெண்ணிடம் 40 யூரோ கடன் வாங்கித்தான் அந்த வாரத்தை ஓட்டினேன். வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வரும். ஆகவே சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள சர்நேமை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள்.

நான் ஒட்டியதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். நாலு மாடிக் கட்டடத்தில், ஜெர்மன்காரர்கள் பெயர்களுக்கு நடுவில், அப்பா பெயர் மட்டும் தனியாக. கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து பதில் வந்தது: "வாடகையை ஒழுங்காக் கட்டிரு தாயி. வெளிய தொங்குறது என் பேரு."