ஓட்டுநரில்லா ஆம்புலன்ஸைப் பற்றி மக்கள் மனத்தைக் கேட்டறிவது எப்படி?

"டிரைவர் இல்லாத ஆம்புலன்ஸை நம்புவீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால், வீடு தேடி வந்தவர் மனம் நோகக்கூடாதே என்று பலர் "நம்புவோம்" என்று சொல்லிவிடுவார்கள். பெங்களூரின் அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் உண்மையான எண்ணத்தை அறிய விரும்புவோர், கேள்வியை ஒரு நிகழ்ச்சியாகவே முன்வைக்க வேண்டும்: இரவு இரண்டு மணி, அப்பாவுக்கு நெஞ்சுவலி, ஜெயதேவா மருத்துவமனைக்குப் போக வேண்டும், வாசலில் வந்து நிற்கும் வண்டியில் ஓட்டுநர் இல்லை. அப்பாவை ஏற்றுவீர்களா? இதே நிகழ்ச்சியைப் பாதிப் பேரிடம் ஓட்டுநர் உள்ள வண்டியாகச் சொல்லிக் கேளுங்கள். இரு சாராரின் பதில்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் நீங்கள் தேடும் அவநம்பிக்கையின் அளவு.

சொற்களில் கவனம் தேவை. "ஆட்டோமேட்டிக் வண்டி" என்றால் கிளட்ச் இல்லாத கார் என்றே பலர் புரிந்துகொள்வார்கள்.

மிக முக்கியமானது, உள்ளே யார் இருப்பார் என்பதைத் தெளிவாகச் சொல்வது. 108 ஆம்புலன்ஸில் 'பைலட்' எனப்படும் ஓட்டுநரோடு மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருகிறார். அந்த ஓட்டுநர் வண்டியை மட்டும் ஓட்டுவதில்லை. குறுகிய மாடிப்படியில் ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்து இறக்குபவரும், சந்துக்குள் வழி கேட்டு வருபவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே "ஏறமாட்டேன்" என்பவரிடம், அச்சம் இயந்திரத்தின் மீதா, தூக்க ஆள் இல்லாமல் போவதன் மீதா என்று தவறாமல் கேளுங்கள். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால் முழு ஆய்வும் வீணாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

சாலையில் இருப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. ஆனாலும் ஓசூர் சாலை நெரிசலில், சைரனோடு ஓட்டுநரின் கையசைவும் சேர்ந்துதான் வழி பிறக்கிறது. முன்னிருக்கை காலியாக இருந்தாலும் ஒதுங்குவீர்களா என்று ஆட்டோ ஓட்டுநர்களிடம் கேளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டுநரில்லாக் கார்கள் தீயணைப்புப் பணிக்குக் குறுக்கே நின்றதாகத் தீயணைப்புத் துறையே 2023இல் முறையிட்டதையும், அவை ஆம்புலன்ஸ்கள் அல்ல என்பதையும், பதில்களைப் பெற்ற பிறகே சொல்லுங்கள். முன்னரே சொன்னால் பதில் சாய்ந்துவிடும்.

குடும்பத் தலைவரின் பதிலோடு நிறுத்திவிடாமல், நோயாளியோடு வண்டியில் ஏறப்போகும் மனைவியிடமோ மருமகளிடமோ தனியாகக் கேட்டு, "நர்ஸ் கூட இருந்தால் ஏறுவேன்" போன்ற நிபந்தனைகளை அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.